மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். மதுரை திருநகரில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் 5 முதல் 7 வரை வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். என் கணவருக்குக் கீழமாசி வீதியில் மளிகைக் கடை. காலை 8 மணிக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வருவார். பையன் எட்டாம் வகுப்பு. கூட மாமியார் இருக்கிறார், வயது 71, சுத்த சைவம். எங்கள் சமையற்கட்டில் முட்டைகூட ஏறாது. ஆறு மாதமாகப் பையன் நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவனுக்கு ஹஸ்கிதான் வேண்டுமாம். வளர்த்தால் ராஜபாளையம், இல்லாவிட்டால் நாயே வேண்டாம் என்கிறார் என் கணவர். எனக்கு முடி கொட்டாத சின்ன நாயாக இருந்தால் தேவலை. 'தெருவில் நாலு குட்டி கிடக்கே, அதில் ஒண்ணைத் தூக்கிட்டு வாங்களேன்' என்று அத்தை சொன்னதற்கு யாரும் காது கொடுக்கவில்லை. எங்களுக்கு எந்த ஜாதி நாய் சரிப்படும்? தயிர்சாதம், பால்சாதம் கொடுத்தே வளர்க்க முடியுமா? பாக்கெட்டில் வரும் உணவு நல்லதா, கெடுதலா?

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் வீட்டில் உள்ள நான்கு பேருடைய ஆசையும் இருக்கிறது. மதியம் 2 மணி மட்டும் இல்லை.

நாய் வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பங்குனி, சித்திரையில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? எந்த அறையில்? அங்கே ஃபேன் ஓடுமா, கரண்ட் போனால் காற்று வருமா? இதைத்தான் கேட்பேன். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் நீங்கள் பள்ளியில், அவர் கடையில், பையன் வகுப்பில். அத்தை மட்டும்தான் வீட்டில். ஆக, பையனுக்கு வாங்குகிறோம் என்று நீங்கள் நினைத்தாலும் வரப்போவது அத்தையின் நாய். தண்ணீர் வைப்பதும், மதியச் சாப்பாடு போடுவதும், குட்டி தரையில் அசிங்கம் செய்துவிட்டால் முதலில் பார்ப்பதும் அவர்தான். எனவே 71 வயதுக்காரர் ஒருவர் சமாளிக்கக்கூடிய நாய் எது என்று கேள்வியை மாற்றிக்கொள்வோம்.

முதலில் ஹஸ்கி. அது சைபீரியக் குளிரில் சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த நாய். மேலே ஒரு முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி கிடையாது, பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவே. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. வெளிக்காற்றே 40 டிகிரியாக இருக்கும்போது இரைத்து என்ன பயன்?

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மே மாத மதியம், காரின் பின்சீட்டில் ஒரு ஹஸ்கியைப் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தார்கள். ஏசி அறையிலேயே வளர்ந்த நாய். அன்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் வரவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நான் பார்க்கும்போது நாக்கு செங்கல் நிறம், எச்சில் பாகு மாதிரி நூல் நூலாக இழுத்தது. தெர்மாமீட்டர் 108 காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் சரியான சூடு. குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்து, டிரிப் போட்டோம். அவர்கள் கொண்டுவந்த ஐஸ்கட்டி தேவைப்படவில்லை. நாய் பிழைத்தது. அடுத்த மாதமே கொடைக்கானலில் உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பையனிடம் இதைச் சொல்லுங்கள். முடியை மழித்துவிட்டால் போதுமே என்று கேட்பான். போதாது, வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுப்பதும் அதே முடிதான்.

சப்பை மூக்கு நாய்கள், அதாவது பக், புல்டாக் வகையறா, இதே காரணத்துக்காக நம் ஊருக்கு ஆகாது. மூச்சிரைக்கவே மூக்கில் இடமில்லாத பிராணியை மதுரையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ராஜபாளையத்துக்கு வருகிறேன். உங்கள் கணவரின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்து நாய். 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. 2020இல் நம் நாட்டில் முதன்முதலாக மூன்று நாயினங்கள் அதிகாரபூர்வமாகப் பதிவானபோது அவற்றில் இரண்டு விருதுநகர்ச் சீமையைச் சேர்ந்தவை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்து முதோல். வெயிலும் இவற்றுக்குப் புதிதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. வெயில் காரணமில்லை, உங்கள் டியூஷன்தான் காரணம்.

ராஜபாளையம் தோள் உயரமே இரண்டு அடிக்கு மேல் போகும். தோட்டத்தையும் தன் ஆளையும் காக்கிற புத்தி அதற்கு ரத்தத்திலேயே உண்டு. பழகாதவர்களிடம் ஒட்டாது. தினமும் 5 மணிக்கு அந்தப் படியில் பன்னிரண்டு பிள்ளைகள் தடதடவென்று ஏறுவார்கள், 7 மணிக்கு அதேபோல் இறங்குவார்கள். அதில் ஒருத்தன் செருப்பை எறிவான், ஒருத்தன் ஓடுவான். அந்த நேரத்தில் நாயை எங்கே கட்டுவீர்கள்? மொட்டை மாடியிலா? அன்றாடம் இரண்டு மணி நேரம் கட்டிப்போட்டு, படியேறும் சத்தத்துக்கெல்லாம் குரைக்கவிட்டால், ஆறு மாதத்தில் அது பிள்ளைகளைக் கண்டாலே சீறுகிற நாயாகிவிடும். அப்புறம் நாய் மேல் பழி. தோட்டமும், காலையில் ஓட்டிக்கொண்டு போக ஆளும் இருக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல நாய் எது? உங்கள் கணவர் நாளைக்கு நாகமலைப் பக்கம் ஒரு தோப்பு வாங்கினால் நானே கூட வந்து குட்டி பார்த்துத் தருகிறேன். அப்படிப் பார்க்கும்போது, குட்டிக்குப் பின்னால் நின்று அது பார்க்காதபடி ஒரு சாவிக்கொத்தைக் கீழே போட வேண்டும். இந்த இனத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. கூட்டமாக விளையாடும்போது மற்ற குட்டிகள் ஓடுவதைப் பார்த்து அதுவும் ஓடும், நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டுகிற ஓட்டக்காரர்கள். முதல் மாடியில் அடைத்தால் சோபாவைத்தான் விரட்டும். கோம்பை தேனிப் பக்கத்து முரட்டுக் காவல்காரன், டியூஷன் வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். லாப்ரடார் பிள்ளைகளோடு சேரும், ஆனால் வளர்ந்தால் முப்பது கிலோ. மாடிப்படியில் அத்தையை ஒரு இழுப்பு இழுத்தால் இடுப்பெலும்புக்கு நான் பொறுப்பில்லை. டாஷ்ஹண்டுக்கு நீள முதுகு, அதன் தண்டுவடத்தில் கோளாறு வரக்கூடும். முடி கொட்டாத சின்ன நாய் என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது ஷிட்ஸுவாக இருக்கலாம். அதற்கு முடி கொட்டாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் தினமும் சீவ வேண்டும், மாதா மாதம் வெட்ட வேண்டும். அதற்கும் சப்பை மூக்குதான். நாம் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை ஸ்பிட்ஸ் ஒரு காலத்தில் மதுரையில் தெருவுக்கு இரண்டு இருந்தது. பாசமான நாய், இந்த ஊர் வெயிலுக்கும் பழகியது. கேட்டில் பால்காரர் வந்தால் பத்து நிமிஷம், போனால் பத்து நிமிஷம் குரைக்கும். கீழே வீட்டுக்காரர் இருக்கிறாரா? அவரிடம் நாய் வளர்க்கப் போவதைச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். குட்டி பார்ப்பதற்கு முன்னால் அந்த அனுமதியை வாங்கிவிடுங்கள். 'வீட்டுக்காரர் ஒத்துக்கலை சார், யாராவது இருந்தா சொல்லுங்க' என்று மூன்று மாதக் குட்டியோடு என் வாசலில் நிற்பவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேராவது உண்டு.

ஆகவே என் தீர்ப்பு: அத்தை சொன்னதுதான் சரி. வெயிலுக்குப் பழகிய உடம்பு, பதினைந்து கிலோ அளவில் நிற்கிற வளர்ச்சி, குட்டை முடி, மீந்ததைத் தின்றும் செரிக்கிற வயிறு. உங்கள் வீட்டுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருப்பது நம் தெருவில் பிறக்கிற நாட்டு நாய்தான். 'கெத்து' இல்லை என்று உங்கள் கணவர் சொல்வார். சங்க இலக்கியத்தில் ஞமலி, ஞாளி என்று வருகிற நாய்க்கும் வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது. கருப்பசாமி காலடியில் நிற்கிற நாயிடமும் யாரும் பேப்பர் கேட்பதில்லை.

ஆனால் தெருவில் கிடக்கும் நாலில் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பொறுக்கும் முறை ஒன்று உண்டு. எட்டு வாரம் வரை தாயோடும் கூடப்பிறந்தவையோடும் இருக்கட்டும். வியாபாரிகளுக்கே 2017 முதல் விதி இருக்கிறது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று. ஆனாலும் 30 நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்தி, பதிலுக்குக் கடி வாங்கித்தான் அந்தப் பாடம் வரும். எட்டு வாரம் ஆனதும் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்காரச் சொல்லுங்கள். முதலில் பாய்ந்து வந்து சேலையைக் கவ்வி இழுக்கிற குட்டி வேண்டாம், மூலையில் ஒடுங்கிக்கொள்கிற குட்டியும் வேண்டாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்து முகர்ந்து பார்த்து, பக்கத்திலேயே படுக்கிற குட்டிதான் உங்களுக்கு. பெண் குட்டியாக இருந்தால் நல்லது. அதைத்தான் யாரும் எடுப்பதில்லை, அதனால் எளிதாகக் கிடைக்கும். ஆறு மாத வாக்கில், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் பின்னாளில் மார்புக் கட்டிக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும், கருப்பையில் சீழ் பிடிக்கிற தொல்லையும் இருக்காது.

இப்போது சாப்பாடு. நீங்கள் கடைசியில் கேட்டிருந்தாலும் நான் அதிகம் பேச வேண்டியது இதில்தான்.

தயிர்சாதம், பால்சாதம் மட்டும் போட்டு ஒரு குட்டியை வளர்க்க முடியாது. சோறு நாய்க்கு விஷம் என்று இப்போது சிலர் பரப்புகிறார்களே, அதுவும் தப்பு. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான வருஷங்களில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய் வளர்த்துக்கொண்டது. ஓநாய்க்கு அது அவ்வளவாக இல்லை. சோறு இருக்கட்டும், சோறு மட்டும் இருப்பதுதான் கோளாறு. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், வளரும் குட்டியின் உணவில் நூற்றுக்கு 22 பங்காவது புரதம் வேண்டும், வளர்ந்த நாய்க்கு 18 பங்கு. அரிசியில் இருப்பது ஏழெட்டுப் பங்கு. ஒரு கரண்டித் தயிர் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

நான்கு மாத லாப்ரடார் குட்டி ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒருவர் வந்தார். மேஜையில் நிறுத்தினால் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, மணிக்கட்டு தரையைத் தொடுகிறது. நிற்கும்போதே நடுங்கியது. என்ன போடுகிறீர்கள் என்றேன். 'பால்சாதமும் பிஸ்கட்டும் சார். பால்ல கால்சியம் இருக்கே!' என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். கால் லிட்டர் பசும்பாலில் சுண்ணாம்புச்சத்து சுமார் 0.3 கிராம். அந்த அளவு குட்டிக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் தேவை. எக்ஸ்ரேயில் எலும்பு சதையோடு சதையாக மங்கித் தெரிந்தது. உணவை மாற்றி, இரண்டு மாதம் ஓடவிடாமல் வைத்துத் தேற்றினோம். கால் முழுதாக நேராகவில்லை. வெறும் கறியாகப் போட்டு வளர்த்த குட்டிக்கும் இதே நோய் வரும். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ஏறக்குறைய இல்லை, உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். அதற்காகக் கால்சியம் டானிக்கை மூடி மூடியாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சரியான குட்டி உணவு சாப்பிடுகிற நாய்க்கு அந்தப் பாட்டில் தேவையே இல்லை. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியமே எலும்பைக் கோணலாக்கும்.

அதனால் முதல் ஒரு வருஷத்துக்குக் குட்டிக்கென்று வரும் பாக்கெட் உணவைக் கொடுங்கள். நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. உங்கள் வீட்டு நிலைக்கு அதுதான் வழி என்பதால் சொல்கிறேன். சமையற்கட்டுக்குள் எதுவும் ஏற வேண்டாம், பால்கனியில் ஒரு மூடிபோட்ட டின், உள்ளே ஒரு டம்ளர். உறையில் படத்தைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தைப் பாருங்கள்: அது வளரும் குட்டிக்கான முழுமையான சமச்சீர் உணவு என்று போட்டிருக்க வேண்டும். கடையில் மூட்டையைப் பிரித்து வைத்து, கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். அதில் இருக்கும் கொழுப்பு நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். பழைய நல்லெண்ணெய் வாசம் எப்படி மாறும் என்று மளிகைக் கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசனை பார்க்கும் வேலையை அவரிடம் விடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு வாங்கினால் போதும். குட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துப் போடலாம்.

பாக்கெட் உணவிலும் பெரும்பாலும் கோழிதான் இருக்கும், அத்தையிடம் மறைக்காதீர்கள். மறைத்துச் செய்கிற காரியம் மதியம் 2 மணிக்கு நடக்காது. தீனியைக் கையால் தொடாமல் டம்ளரால் அள்ளிப் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மதியத்துக்கு வேண்டிய அளவைக் காலையிலேயே நீங்கள் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள், அவர் தட்டில் கொட்டினால் போதும். நாயைச் சைவமாகவே வளர்க்க முடியாதா என்றும் அவர் கேட்கக்கூடும். பூனை என்றால் முடியவே முடியாது. நாய் வளர்ந்த பிறகு, சரிவிகிதமாகச் செய்த சைவ உணவில் ஆரோக்கியமாக இருக்க முடியும். கடையில் சைவப் பாக்கெட்டும் கிடைக்கிறது. வளரும் குட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு வயதுக்கு அப்புறம், மாற்றுவதானால் என்னைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். அதுவரை அத்தை ஆசைக்கு ஒரு கரண்டி தயிர், வெந்து மசிந்த பாசிப்பயறு, பூசணிக்காய், கேரட் சேர்க்கலாம். தாளிக்காமல், வெங்காயம் போடாமல், உப்பில்லாமல். நாள் முழுவதும் உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மேல்தீனி போகக் கூடாது.

எத்தனை வேளை? மூன்று மாதம் வரை நான்கு, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. அந்த இரண்டு வேளையையும் வெயிலுக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்: காலை 7, இரவு ஏழரை. சித்திரை வெயிலில் மதியம் நாய் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பினால் நோய் என்று பயப்பட வேண்டாம். இரவிலும் சாப்பிடாவிட்டால் பயப்படுங்கள். உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் நம் பக்கம் சாதாரணம், அதன் முதல் அடையாளமே சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போவதுதான். தண்ணீர் கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி, பதினைந்து கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயில் நாளில் இன்னும் அதிகம் குடிக்கும். எவர்சில்வர் கிண்ணம் சுடும். மண்சட்டியில் வையுங்கள், கவிழ்க்கவும் முடியாது.

அளவு சரியா என்று பார்க்கத் தராசு தேவையில்லை. வலது கையை விரல் மடக்கிக் குத்தாக வைத்து, முட்டிகளின் மேல் இடது கை விரலால் தடவிப் பாருங்கள். நாயின் விலா இப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. இப்போது கையை விரித்து உள்ளங்கையை, விரல்கள் தொடங்கும் மேட்டில் தடவுங்கள். விலா இப்படி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கையைத் திருப்பிப் புறங்கையைத் தடவுங்கள்: எலும்பு தெரிகிறது, மேலே மெல்லிய உறை இருக்கிறது. அதுதான் வேண்டும். இதைப் பையனுக்குக் கற்றுக்கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்த்துக் காலண்டரில் எழுதட்டும்.

கறி சமைக்கிற வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி போதும். வெந்த சோறு இரண்டு கப், தோலும் எலும்பும் இல்லாத வெந்த கோழிக்கறி 150 கிராம், ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் காய், கொஞ்சம் தயிர், ஒரு டீஸ்பூன் எண்ணெய்: இரண்டு வேளைக்கும் சேர்த்து இவ்வளவுதான். இதில் கால்சியம் இல்லை, முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து மிக்சியில் மாவாக அடித்து அரை டீஸ்பூன் சேர்க்க வேண்டும். துத்தநாகம், வைட்டமின் டி போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் சத்துமாத்திரையும் வேண்டும். ஈரல் வாரம் ஒரு நாள், சிறு துண்டு. 'நாய்க்கு வேஸ்ட் இருக்கா?' என்று கறிக்கடையில் கேட்டு வாங்குகிற தலை, குடல், தோல் பை இருக்கிறதே, அதில் பாதி கொழுப்பு, மீதி கிருமி. வேகவைத்தால் கிருமி போகும், எலும்பு ஊசியாக உடையும். பிரியாணி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தி அறுவை செய்ய நேர்ந்ததை நான் நிறையப் பார்த்தாயிற்று.

சைவ வீட்டில் வேறு ஆபத்து இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கிற உலர்திராட்சை. எவ்வளவு தின்றால் கெடுதல் என்று அதற்கு அளவு கிடையாது. ஒரு நாய் தாங்கும், இன்னொரு நாய்க்கு இரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். பிரசாதம் என்று அத்தை அன்பாக ஒரு கை உருட்டிக் கொடுத்துவிடுவார், முதலிலேயே சொல்லிவையுங்கள். தினசரி சாம்பார் சோறு போட்டால் வெங்காயம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை ஆக்கும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் போடுகிற சைலிட்டாலும் கூடவே கூடாது. டியூஷன் பிள்ளைகளின் பையைத் தரையில் வைக்கவிடாதீர்கள். நெய்யில் ஊறிய பலகாரமும் பரோட்டா சால்னாவும் கணையத்தைப் புண்ணாக்கும். தீபாவளிக்கு மறுநாள் என் கிளினிக்கில் பட்டாசுக்குப் பயந்து ஓடிய நாய்களைவிட மைசூர்பா தின்று வாந்தியெடுக்கிற நாய்கள்தான் அதிகம்.

தடுப்பூசி விஷயம் நேரில் பேசலாம். இப்போதைக்கு, முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். இவை முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம், குட்டிகளுக்கு ரத்தபேதி தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி போட்ட நாயே ஆனாலும் டியூஷன் பிள்ளை யாருக்காவது பல்லோ நகமோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

நடைக்குக் கூட்டிப்போவது பையன் வேலை, அவன் ஆசைப்பட்டதுதானே. காலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம். சாயங்காலம் தார்ரோட்டில் இறங்குவதற்கு முன் புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் கால் வெந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து வருஷத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான், நாய் பன்னிரண்டு பதினான்கு வருஷம் இருக்கும். அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

குட்டி வந்து மூன்று நாளுக்குள் கூட்டி வாருங்கள், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பையனையும் அழைத்து வாருங்கள். எங்கள் எடை மெஷின் ஆள் ஏறுவது. அவன் முதலில் தனியாக ஒரு தடவை, அப்புறம் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கும்.